இளம் குவாட்டர்பேக்: முதல் நாளே இறக்குவதா, உட்கார வைப்பதா, நடுவில் மாற்றுவதா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். லீக்கின் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, முடிந்த மறுநாளே என் கைபேசிக்கு ஒரே கேள்வி பல வடிவில் வந்து சேரும். “எங்கள் அணி முதல் சுற்றில் ஒரு குவாட்டர்பேக் பையனை எடுத்திருக்கிறது. செப்டம்பரிலேயே ஆட விடலாமா? மூத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் பின்னால் ஓர் ஆண்டு இருக்கட்டுமா? இவன் தலைவனாக வருவானா என்று எப்படிக் கண்டுகொள்வது?” குவாட்டர்பேக் என்றால் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர். கேட்பவர்கள் அமெரிக்கக் கால்பந்தை உயிராய் நேசிப்பவர்கள். ஆனாலும் நான்கு ஆட்டம் முடிவதற்குள் பையனுக்குக் கோயில் கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் குழி தோண்டிவிடுகிறார்கள். இருபத்தோரு வயதுப் பையனை அப்படி எடைபோடுவது அநியாயம் என்பது என் எண்ணம். அதனால் மூன்று வழிகளையும் நிதானமாகத் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மூன்றையும் தன் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர் இருக்கிறார்: அலெக்ஸ் ஸ்மித். 2005 டிராஃப்டில் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணி முதல் ஆளாக எடுத்தது அவரைத்தான். அதே நாளில், அதே ஊருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகமான பெர்க்லியில் ஆடிய ஆரன் ராட்ஜர்ஸ் தன் பெயர் எப்போது வரும் என்று மணிக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் 24ஆவது ஆளாக அவரை கிரீன் பே பேக்கர்ஸ் எடுத்தது. ஸ்மித் அந்தப் பருவத்திலேயே களமிறக்கப்பட்டார். ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) வீசினார், அவர் வீசிய 11 பந்துகளை எதிரணி பறித்தது. ராட்ஜர்ஸோ பிரெட் ஃபார்வின் பின்னால் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். பிறகு 2010 பருவத்தில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றார்.

“பார்த்தீர்களா, உட்கார வைத்தால்தான் உருப்படுவான்” என்று பலரும் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார். 2005இல் ஸ்மித்துக்குத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக, அதாவது தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளராக, இருந்தவர் மைக் மெக்கார்த்தி. ஒரே பருவத்தில் கிளம்பிவிட்டார். எங்கே போனார் தெரியுமா? கிரீன் பேக்கு, தலைமைப் பயிற்சியாளராக. அதன்பின் 2018 வரை ராட்ஜர்ஸின் பயிற்சியாளர் அவர்தான். ஸ்மித்துக்கோ அடுத்தடுத்து நார்வ் டர்னர், ஜிம் ஹோஸ்ட்லர், மைக் மார்ட்ஸ், ஜிம்மி ரே என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து பருவம், ஐந்து பேர். ஒருவர் மாறினால் ஆட்டத் திட்டங்களின் பெயர்கள் மாறும், கால் வைக்கும் கணக்கு மாறும், யாரை முதலில் பார்ப்பது என்ற வரிசையும் மாறும். ஒவ்வோர் ஆண்டும் புதுமொழி கற்கும் பிள்ளை எந்த மொழியில் சிந்திப்பான்? ராட்ஜர்ஸுக்கு உதவியது நாற்காலி மட்டும்தானா, அல்லது அசையாமல் நின்ற வீடா என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது?

காப்பு வரிசை. குவாட்டர்பேக்கின் முன்னால் நிற்கும் ஐந்து பெரிய உடம்புகள். இவர்கள் தாங்கினால் பையன் களத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வான். தாங்காவிட்டால், பாய்ந்து வருகிறவனைப் பார்க்கக் கற்றுக்கொள்வான். இந்த இரண்டாவது பழக்கம் ஒட்டிக்கொண்டால் சுலபத்தில் போகாது.

பயிற்சியாளரின் நிலைப்பு. ஸ்மித்தின் கதையே இதற்குச் சாட்சி. தலைமைப் பயிற்சியாளரின் வேலை ஆட்டங்காணும் நிலையில் இருந்தால், பையனின் முதல் ஆண்டு வீணாகிற வாய்ப்பு மிக அதிகம்.

முன்னால் இருக்கும் மூத்தவர். அவர் நல்லவரா என்பதைவிட, அவர் எப்படித் தயாராகிறார், அதைப் பையன் பக்கத்தில் இருந்து பார்க்க விடுகிறாரா என்பது முக்கியம்.

ஒப்பந்தக் கடிகாரம். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 தொழிலாளர் உடன்படிக்கை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 2010இல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி. முதல் சுற்று வீரருக்கு நான்கு ஆண்டு, அணி விரும்பினால் ஐந்தாவது. குவாட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில்தான் மிச்சப் பணத்தில் நல்ல அணியைக் கட்ட முடியும். பையன் உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஓடும்.

பையனின் கைப்பக்குவம். கல்லூரியில் எத்தனை ஆட்டம் ஆடினான், அங்கே ஆட்டத்தை அவனே அறிவித்தானா, இல்லை ஓரத்திலிருந்து காட்டிய அட்டையைப் பார்த்து ஆடினானா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

தலைமைப் பண்பை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அது ஓர் அளவுகோலுக்குள் அடங்காது, கீழே தனியாக வருகிறேன்.

## வழி 1: முதல் ஆட்டத்திலேயே இறக்குவது

இதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் பெயர் பெய்ட்டன் மேனிங். 1998இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக முதல் பருவத்தின் 16 ஆட்டங்களையும் ஆடினார். 28 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த வீச்சுகள். முதலாண்டு வீரர்களில் இன்றுவரை அதுதான் மிக மோசமான கணக்கு. அணி 3-13, அதாவது 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த ஆண்டே 13-3.

தோற்றுத் தோற்றுத் தேறினார் என்பது உண்மைதான். ஆனால் அந்த 28க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பருவம் முழுவதிலும் மேனிங் பந்தோடு வீழ்த்தப்பட்டது 22 முறைதான். நின்று, பார்த்து, தவறாக வீச அவருக்கு நேரம் இருந்தது. தவறு அவருடையது என்பதால் திருத்தமும் அவர் கையில் இருந்தது. டாம் மூர் என்ற ஒருங்கிணைப்பாளர் முதல் நாளிலிருந்து பத்தாண்டுக்கும் மேல் கூடவே இருந்தார்.

இப்போது டேவிட் காரைப் பாருங்கள். 2002இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் முதல் தேர்வு. முதல் ஆட்டத்திலேயே டல்லாஸ் கௌபாய்ஸை 19-10 என்று வென்றபோது ஊரே கொண்டாடியது. பருவம் முடிந்தபோது அவர் வீழ்த்தப்பட்ட எண்ணிக்கை 76. ஒரு பருவத்தில் ஒரு குவாட்டர்பேக் வாங்கிய அடியில் அதுவே சாதனை, இன்னும் முறியடிக்கப்படவில்லை. 2005இலும் 68. கைவலிமையும் துணிவும் இருந்த மனிதர், பிறகு மாற்று ஆட்டக்காரராகவே மீதி நாட்களைக் கழித்தார்.

22க்கும் 76க்கும் இடையிலான அந்தத் தூரம்தான் இந்த வழியின் முழு விஷயமும். டிராய் எய்க்மன் 1989இல் டல்லாஸுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 11 ஆட்டத்திலும் தோற்றார். ஆனால் ஜிம்மி ஜான்சனின் கை மேலிருந்தது, அணியும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1993 ஜனவரியில் சூப்பர் பௌலில் பஃபலோவை 52-17 என்று வீழ்த்தினார்கள். மாறாக, 2023இல் கரோலினா பேந்தர்ஸ் அணி ஏகப்பட்ட விலை கொடுத்து எடுத்த பிரைஸ் யங்: 2-15 பருவம், 62 முறை வீழ்த்தப்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்திலேயே நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த புதுப் பயிற்சியாளர் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுப் பையனை உட்கார வைத்தார். மூத்தவர் ஆண்டி டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டதால்தான் யங்குக்கு மறுபடி களம் கிடைத்தது. கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் வென்றார். அந்த விபத்து நடந்திராவிட்டால் நம்மில் பாதிப் பேர் “தேறாத சரக்கு” என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்திருப்போம்.

மறைந்திருக்கும் விலை: இழந்த ஆட்டங்கள் விலை அல்ல, அவை அடுத்த ஆண்டு நல்ல தேர்வாகத் திரும்பி வரும். தோல்விகளால் பயிற்சியாளர் வேலை இழப்பதும், பையன் மறுபடி அகரத்திலிருந்து தொடங்குவதும்தான் உண்மையான விலை.

எப்போது சரி: காப்பு வரிசை சராசரிக்குக் கீழே இல்லாதபோது, பயிற்சியாளரும் பையனும் ஒன்றாக வந்து ஒன்றாக இருக்கப்போகிறார்கள் என்றபோது. 2023இல் டெக்ஸன்ஸ் சி.ஜே. ஸ்ட்ரௌடையும் புதுப் பயிற்சியாளர் டெமீகோ ரையன்ஸையும் ஒரே ஆண்டில் சேர்த்தது. 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) ஒரு வெற்றி. அதே ஸ்ட்ரௌட் மறு ஆண்டு 52 முறை வீழ்த்தப்பட்டபோது கணக்கும் இறங்கியது. பையன் மாறவில்லை.

## வழி 2: மூத்தவர் பின்னால் உட்கார வைப்பது

இங்கேதான் ஸ்மித் மீண்டும் வருகிறார், இம்முறை நாற்காலியின் மறுபக்கத்தில். 2017இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி வந்து பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அணியின் குவாட்டர்பேக் ஸ்மித். தன் வேலையைப் பறிக்க ஒருவன் வந்துவிட்டான் என்று தெரிந்த ஆண்டில் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பருவத்தை ஆடினார்: 26 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், லீக்கிலேயே உயர்ந்த பாசர் ரேட்டிங் (வீச்சின் தரத்தை அளக்கும் எண்). கூடவே, தான் காணொளிகளை எப்படிப் படிக்கிறார், வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறார் என்பதையெல்லாம் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தார். மஹோம்ஸ் அந்த நன்றியைப் பலமுறை பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு மஹோம்ஸ் ஆடியது ஒரே ஆட்டம். 2017 டிசம்பர் 31, டென்வர். பிளேஆஃப் இடம் உறுதியாகிவிட்டதால் ஸ்மித்துக்கு ஓய்வு. நான்காம் பகுதியில் 24-10 என்று முன்னிலை. போதும் என்று பயிற்சியாளர் ஆண்டி ரீட் பையனையும் வெளியே எடுத்துவிட்டு மூன்றாவது ஆளை அனுப்பினார். பந்து கை நழுவியது, டென்வர் அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் ஆக்கியது, பிறகு இன்னொரு டச்டவுனும் அடித்தது, 24-24. சில நிமிடங்களே மிச்சம். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்ட பையனை மறுபடி களத்துக்குள் அனுப்பினார்கள். அவர் நிதானமாக அணியைக் களத்தின் நீளத்துக்கு நகர்த்திக்கொண்டு போனார்; கடைசி உதையில் 27-24. அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆண்டின் 50 டச்டவுன்களும் எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) விருதும் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஆனால் இந்த வழிக்கும் விலை உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

முதலாவது, உட்கார்ந்திருப்பவனுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. பருவம் தொடங்கிவிட்டால் வாரப் பயிற்சியில் பெரும்பகுதி முதல் ஆட்டக்காரருக்கே. இளையவன் பெரும்பாலும் எதிரணியின் திட்டங்களை நடித்துக் காட்டும் வேலையில் இருப்பான். 2011 உடன்படிக்கைக்குப் பின் முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சியும் ஒரு பருவத்துக்கு 14 என்று குறுகிவிட்டது. “பார்த்துக் கற்பான்” என்கிறோம். யார் கற்பிக்கிறார்கள், எந்த நேரத்தில் என்று கேட்பதில்லை.

இரண்டாவது, பணம். கிரீன் பே 2020இல் எடுத்த ஜோர்டன் லவ்வை ராட்ஜர்ஸ் பின்னால் மூன்று ஆண்டு வைத்திருந்தது. 2023இல் இறங்கினார், 32 டச்டவுன் வீசினார், பிளேஆஃபில் டல்லாஸை 48-32 என்று அவர்கள் ஊரிலேயே வென்றார். அருமையான பலன். ஆனால் முழுநேரமாக ஒரே பருவம் ஆடியதை வைத்து 2024 ஜூலையில் நான்காண்டுக்கு 22 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. மலிவான ஆண்டுகள் நாற்காலியிலேயே கரைந்துவிட்டன.

மூன்றாவது, மூத்தவரை இழக்கும் வலி. 2004, 2005 இரு பருவமும் சான் டியேகோ சார்ஜர்ஸ் ஃபிலிப் ரிவர்ஸை டிரூ பிரீஸ் பின்னால் உட்கார வைத்தது. பிரீஸ் அந்த நேரத்தில்தான் மலர்ந்துகொண்டிருந்தார். 2005 கடைசி ஆட்டத்தில் தோள் மூட்டு விலகியது, அணி அவரைப் போக விட்டது. நியூ ஆர்லியன்ஸ் சென்று சூப்பர் பௌல் வென்றார். ரிவர்ஸ் சிறந்த ஆட்டக்காரர், ஆனாலும் அந்த மேடையைத் தொடவே இல்லை.

எப்போது சரி: அணி ஏற்கெனவே வெல்லும் அணியாக இருக்கும்போது, மூத்தவரின் விடைபெறும் ஆண்டு எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது. ஓர் ஆண்டு என்பது என் கணக்கில் நல்ல அளவு. மூன்றாண்டு என்பது கிரீன் பேயின் பொறுமையும் கிரீன் பேயின் அதிர்ஷ்டமும் சேர்ந்தால்தான் கைகூடும்.

## வழி 3: பருவத்தின் நடுவில் மாற்றுவது

அதிகம் நடப்பதும் இதுதான், குறைவாகத் திட்டமிடப்படுவதும் இதுதான். பெரும்பாலும் காயமோ தோல்வியோ கதவைத் திறக்கிறது. 2004இல் பிட்ஸ்பர்கின் மூத்தவர் காயப்பட, பென் ராத்லிஸ்பர்கர் இறங்கி அந்தப் பருவத்தில் தொடங்கிய 13 ஆட்டத்தையும் வென்றார். 2018இல் ஜோ ஃபிளாக்கோ காயப்பட, பால்டிமோரின் லமார் ஜாக்சன் ஏழில் ஆறை வென்றார். அணி தன் ஆட்ட முறையையே அவருக்கேற்ப வளைத்துக்கொண்டது, அடுத்த ஆண்டு எம்விபி.

அதே 2004இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் 5-4 என்று நல்ல நிலையில் இருந்தபோதே கர்ட் வார்னரை இறக்கிவிட்டு ஈலை மேனிங்கை ஏற்றியது. ஏழில் ஒன்றுதான் வென்றார். பால்டிமோரில் ஒரு நாள் 18 வீச்சில் 4 மட்டுமே சக வீரர் கையில் சேர்ந்தது, ரேட்டிங் சுழியம். பிளேஆஃப் கனவோடு இருந்த மூத்த வீரர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் டாம் காஃப்லின் அசையவில்லை, அணி நிர்வாகமும் காஃப்லினை அசைக்கவில்லை. பன்னிரண்டு பருவம் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். இரண்டு சூப்பர் பௌல் வந்தது.

ஸ்மித் இந்த வழியின் கசப்பான பக்கத்தையும் பார்த்தவர். 2011இல் ஜிம் ஹார்பா வந்து நிலையான ஒரு வீட்டைக் கொடுத்ததும் அணி 13-3. 2012 அக்டோபர் கடைசியில் அரிசோனாவுக்கு எதிராக 19 வீச்சில் 18ஐச் சேர்த்தார். அடுத்த ஆட்டத்தில் தலையில் அடி. உள்ளே வந்த காலின் கேப்பர்னிக் வெளியே போகவே இல்லை. அணி சூப்பர் பௌல் வரை சென்று பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றது. நடுவில் மாற்றியது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தவறே செய்யாத மூத்தவரை இறக்கினால் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவரும் தன் இடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள்.

எப்போது சரி: பருவத்தின் நோக்கம் முடிந்துவிட்டபோது, அல்லது காயம் வேறு வழி விடாதபோது. ஏற்றிய பின் திரும்ப இறக்கக் கூடாது. ஒரு ஆட்டம் மேலே, ஒரு ஆட்டம் கீழே என்று ஊஞ்சலாட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முதல் நாளே | உட்கார வைப்பது | நடுவில் மாற்றம் |
|---|---|---|---|
| காப்பு வரிசை பலவீனம் | ஆபத்து | பாதுகாப்பு, அந்த ஆண்டில் வரிசையைச் சீரமைத்தால் மட்டும் | ஓரளவு ஆபத்து |
| பயிற்சியாளர் வேலை உறுதியில்லை | மிக மோசம் | ஓர் ஆண்டு வீண் | அவசர முடிவாக முடியும் |
| நல்ல மூத்தவர் இருக்கிறார் | வீணடிப்பு | மிகப் பொருத்தம் | மனக்கசப்பு |
| ஒப்பந்தக் கடிகாரம் | முழுப் பயன் | ஒன்று முதல் மூன்று ஆண்டு இழப்பு | அரை ஆண்டு இழப்பு |
| ரசிகர் பொறுமை | விரைவில் தீரும் | ஆகஸ்டிலேயே கூச்சல் தொடங்கும் | முதலில் உற்சாகம் |

## தலைமையை எங்கே பார்ப்பது?

நம்மில் பலர் தலைமையைச் செய்தியாளர் சந்திப்பில் தேடுகிறோம். நன்றாகப் பேசினால் தலைவன், தலைகுனிந்து இருந்தால் கோழை. நான் பார்க்கும் இடம் வேறு. பயிற்சியாளரின் குரல் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் கேட்கும், ஆனால் ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது துண்டிக்கப்படும். அந்தப் பதினைந்து விநாடி அவன் தனி ஆள். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து யாரை நகர்த்துகிறான், காப்பு வரிசைக்கு என்ன சொல்கிறான், அவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுகிறார்களா என்று பாருங்கள். பருவத்தின் முதல் மாதத்தில் இல்லாத அசைவு மூன்றாம் மாதத்தில் இருந்தால் பையன் வளர்கிறான். தோல்வி வெற்றிக் கணக்கு அதைக் காட்டாது.

இன்னொரு இடம், தவறுக்கு அடுத்த நிமிடம். 2023 ஜனவரி 14, ஜாக்சன்வில், பிளேஆஃப். டிரெவர் லாரன்ஸ் முதல் பாதியிலேயே நான்கு இன்டர்செப்ஷன் வீசிவிட்டார். எதிரணி 27-0 என்று முன்னிலை. சொந்த ஊர்க் கூட்டம் உறைந்து கிடந்தது. இடைவேளைக்கு முன் ஒரு டச்டவுன், பிறகு மூன்று. டச்டவுனுக்குப் பின் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சியில் அவரே பந்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து, கையை நீட்டிக் கோட்டைத் தாண்டினார். கடைசி உதையில் 31-30. நான்கு தவறுக்குப் பின்னும் ஐந்தாவது வீச்சுக்குக் கை தயங்காததையும், அவருக்காகப் பத்துப் பேர் ஓடியதையும் ஒருசேரப் பார்த்தோம். இதே லாரன்ஸின் முதலாண்டு 3-14. அந்தப் பருவம் முடிவதற்குள் பயிற்சியாளர் அர்பன் மையர் நீக்கப்பட்டிருந்தார். அதற்காக அந்த ஒரே இரவை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கவும் முடியாது. அடுத்த இரு பருவமும் ஜாக்சன்வில் பிளேஆஃபை எட்டவில்லை.

எண்களைப் பார்ப்பதென்றால் மூன்று ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள். பஃபலோவின் ஜாஷ் ஆலன் வீச்சைச் சேர்த்த விழுக்காடு 2018இல் 52.8, 2019இல் 58.8, 2020இல் 69.2. முதலிரண்டு ஆண்டும் அவரைக் கேலி செய்யாதவர் குறைவு. அந்த மூன்று ஆண்டும் தலைமைப் பயிற்சியாளரும் ஒருங்கிணைப்பாளரும் மாறவில்லை. மூன்றாம் ஆண்டில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தரமான பந்து பிடிப்பவரும் வந்து சேர்ந்தார்.

## என் தேர்வு

நல்ல மூத்தவரும் நிலையான பயிற்சியாளரும் இருந்தால் ஓர் ஆண்டு உட்கார வைக்கச் சொல்வேன், சந்தேகமே இல்லாமல். மூத்தவர் இல்லை, ஆனால் காப்பு வரிசை தாங்கும், பயிற்சியாளரும் புதிதாக வந்திருக்கிறார் என்றால் முதல் நாளே இறக்குங்கள், பதினைந்து தோல்வி வந்தாலும் பரவாயில்லை. வரிசையும் இல்லை, பயிற்சியாளரும் தள்ளாடுகிறார் என்றால் எந்த வழியும் நல்ல வழி இல்லை. அப்போது கோபப்பட வேண்டியது நிர்வாகத்தின் மீது.

அதனால் ஏப்ரலில் உங்கள் அணி ஒரு பெயரை அறிவித்ததும், பையனின் கல்லூரிக் காணொளிகளைத் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். காப்பு வரிசையின் ஐந்து பேர் யார், போன பருவத்தில் சேர்ந்து எத்தனை ஆட்டம் ஆடினார்கள். ஒருங்கிணைப்பாளர் யார், அவர் அந்த நாற்காலியில் எத்தனையாவது ஆண்டு. அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பையன் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்த இரவில் எனக்குச் செய்தி அனுப்பும்போது, அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.